வோட்டுவாலேவு சாலையில் ஒரு சாய்வு சைக்கிள்

1

படுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறவனை யாரும் நம்புவதில்லை. நாய்கள் நம்புவதில்லை, பட்டாளத்துக்காரர்கள் நம்புவதில்லை, கோயில் பூசாரிகூட என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் விபூதி கொடுக்கிறார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நானும் யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் அல்ல.

விருதுநகரிலிருந்து பிஜிக்கு வந்து இந்த மாதத்தோடு இருபது வருஷம் ஆகிறது. மூன்று வருஷ ஒப்பந்தம் என்று வந்தவன் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டேன். நாடி ஊருக்குப் போகிற வழியில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கணக்கு எனக்கு. உள்ளே வந்த துண்டும் சோப்பும் விஸ்கியும் எந்த வழியாக வெளியே போகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குணமும் பரம்பரைச் சொத்துதான். என் அப்பா சினிமாவுக்குப் போனால் சைக்கிளைப் பூட்டுவது போதாதென்று பெல் மூடியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கொட்டகைக்குள் போவார். இடைவேளையில் வெளியே வந்து ஒரு தடவை பார்த்துவிட்டும் போவார்.

பேப்பரில் பிஜியைப் பற்றிப் படித்துவிட்டு ஊர் நண்பர்கள் எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கிறார்கள். நன்றாக இருக்கிறேன். சைக்கிள் பழகிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். இந்த இரண்டாயிரமாவது வருஷம் மே மாதத்தில் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு சிலர் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சத்துப் பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சுவா தீவின் அந்தக் கோடி, நாங்கள் இந்தக் கோடி. ஆனாலும் வெளிநாட்டுப் பயணிகள் கிடைத்த விமானத்தில் ஏறிப் பறந்துவிட்டார்கள். ஹோட்டல் காலி. எங்களுக்கெல்லாம் பாதி வேலை, பாதிச் சம்பளம். காரை விற்றுவிட்டுச் சைக்கிளில் போகலாம் என்று பார்த்தால், எனக்கு மூல உபத்திரவம். சைக்கிள் சீட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஸ்டோரில் கிடந்த அந்த வண்டி நினைவுக்கு வந்தது. தீவு முழுக்கச் சைக்கிளில் சுற்ற வந்த ஒரு டச்சுக்காரர், அவசரத்தில் விமானத்தில் இடமில்லாமல் விட்டுவிட்டுப் போனது. யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று பிறகு போனில் சொல்லிவிட்டாராம். இரண்டு சக்கரம், நடுவில் வலை பின்னிய சாய்வு நாற்காலி, பெடல் இருப்பது முன் சக்கரத்துக்கும் முன்னால். காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு ஓட்டவேண்டும். பின்னால் ஆளுயரக் கம்பியில் ஆரஞ்சு நிறக் கொடி.

இவ்வளவு நல்ல சாமானை ஒரு மனுஷன் சும்மா விட்டுவிட்டுப் போவானா? குழாய்களைத் தட்டிப் பார்த்தேன். சீட்டைக் கழற்றி உள்ளே பார்த்தேன். பின் பையில் எறும்பு தின்ற பிஸ்கட் பாக்கெட்டைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியும் மனசு முழுக்கச் சமாதானமாகவில்லை.

2

சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய திமிரில் இதையும் ஒரு காலைப்பொழுதில் பழகிவிடலாம் என்று நினைத்தேன். என் கால்கள் எனக்கு எதிரே, இடுப்பு உயரத்தில், வேறு யாருடைய கால்களோ மாதிரி நீண்டிருந்தன. எழுந்து நின்று மிதிக்க முடியாது. உடம்பைச் சாய்த்துச் சமாளிக்க முடியாது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி பாம்பாக நெளிகிறது. தோளைத் தளர்த்தினால் நேரே போகிறது. தோளைத் தளர்த்துவது என் வம்சத்தில் யாருக்கும் வந்ததில்லை.

மகள் பிரியாதான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம் படிக்கிறாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாப்பாட்டுப் பெயர்களும் சாமி பெயர்களும்தான். அம்மாவோடு ஹிந்தி, என்னோடு இங்கிலீஷ். “டாடி, பல் டாக்டர் நாற்காலியோடு தப்பித்து ஓடுகிற ஆள் மாதிரி இருக்கிறீர்கள்” என்று இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிடித்திருக்கிறாயா என்று கேட்பேன். பிடித்திருக்கிறேன் என்பாள். அந்தக் குரல் கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிற மாதிரி தோன்றும். திரும்பிப் பார்ப்பேன், விழுவேன். ஒவ்வொரு தடவையும் அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் திரும்பியதால்தான் விழுந்தேன். கடைசியில் மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கைப்பிடியில் மாட்டினேன். பின்னால் நடப்பது தெரிந்தவுடன் தோள் தானாகத் தளர்ந்தது. அந்த வாரமே ஓட்டப் பழகிவிட்டேன்.

மனைவி சரோஜ் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கே பிறந்தவள். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் வம்சம். அவர்கள் விட்டுப்போன தமிழில் பிஜி ஹிந்தியைக் கலந்து பேசுவாள். இங்கத்து ஹிந்தியில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒரே ‘தும்’. அதனால் தமிழிலும் அவளுக்கு எல்லோரும் ‘நீ’தான். கல்யாணமான புதிதில் விருதுநகருக்குக் கூட்டிப்போனபோது என் அப்பாவிடம் “நீ சாப்ட்டியா?” என்று அன்பாகக் கேட்டாள். அப்பா அன்று முழுக்க மொட்டைமாடியை விட்டு இறங்கவில்லை.

“இன்னாத்துக்கு இந்த வயசுல இந்த சர்க்கஸ்? பஸ்ல போயேன்” என்றாள்.

“பஸ்ல பிக்பாக்கெட் ஜாஸ்தி” என்றேன்.

“உன் பாக்கெட்ல இன்னா கீது அடிக்கிறதுக்கு?”

3

வோட்டுவாலேவில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால், விமான நிலையச் சந்திப்புக்கு முன்னால் பட்டாளத்துக்காரர்கள் சாலைத் தடை போட்டிருந்தார்கள். முதல் நாள் அவர்கள் சிரித்த சிரிப்பில் துப்பாக்கியே கைநழுவி விழுந்துவிடும் போலிருந்தது. செமி என்ற உயரமான ஆள் தினமும், இந்த ஊர் வணக்கமான ‘புலா’வோடு ஆரம்பித்து ஹிந்தியில், “புலா மாஸ்டர், இன்னும் எழுந்திருக்கவில்லையா?” என்று கேட்டுவிட்டு வழிவிடுவான். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் கண்ணாடியில் அவன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கடப்பேன்.

ஒருநாள் செமியைக் காணோம். அவன் கோஷ்டியே மாறியிருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு வண்டியையும் பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை. பின்னால் ஆடிய கொடிக்கம்பியைப் பார்த்து ரேடியோ ஏரியலா என்று கேட்டார்கள். கொடி என்றேன். எந்தக் கட்சிக் கொடி என்றார்கள். என்னை ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, மேலதிகாரி வரட்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு இரண்டு பேர். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மத்தியானம் அவர்கள் சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கில் எனக்கும் பங்கு கொடுத்தார்கள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்கால வாக்கில் ஒரு சார்ஜண்ட் வந்தார். அந்த வண்டி நிஜமாகவே ஓடுமா என்று அவரே ஏறி மிதித்துப் பார்த்தார். பத்தடி போய்ச் சாக்கடையில் விழுந்தார். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். என்னை அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இதை நான் நடித்தே காட்டினேன். சார்ஜண்ட் விழுந்த இடத்தில் பிரியா சிரித்துக்கொண்டே சோபாவிலிருந்து சரிந்துவிட்டாள். சரோஜ் சிரிக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் நன்றாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

4

இந்த ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு, அடுத்த மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பேசிவிட்டுப் போவார்கள். புதன்கிழமை பார்த்தால் வீடு பூட்டியிருக்கும். ஒரு சித்தப்பா மகன் வந்து நாயை அவிழ்த்துக்கொண்டிருப்பான். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர். முன்னாலேயே வாயைத் திறந்தால் கண்பட்டு விசா வராமல் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம்.

ஆனால் ஒரு அடையாளம் உண்டு. எண்பத்தேழில் இங்கே ஆட்சியைக் கவிழ்த்தபோது ஆரம்பித்த வழக்கம் என்கிறார்கள். விசா வந்தால் தீ மிதிக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வது. வந்துவிட்டால் விமானம் ஏறுவதற்குள் மிதித்துவிட வேண்டும். அதனால் கோயிலில் காப்புக் கட்டுகிற அன்று எல்லோரும் சாமியை விட்டுவிட்டு மணிக்கட்டுகளைத்தான் பார்ப்பார்கள். மஞ்சள் காப்பு ஏறிவிட்டால் ஆள் போகிறார் என்று அர்த்தம். என்ன வேண்டுதல் என்று மட்டும் கேட்கக் கூடாது. தீயைக் கடந்து காப்பை அவிழ்க்கும்வரை கேட்டாலும் சொன்னாலும் பலிக்காது.

சரோஜின் அண்ணன் ஆக்லாந்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, வந்துவிடுங்கள் என்று கூப்பிடுவார். நான் அவருக்குப் பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. ஒரு ஆயுளுக்கு ஒரு கடல் போதும், இன்னொன்றைத் தாண்ட என்னால் ஆகாது. இதை நான் சொல்கிறபோது வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. எதிர்த்துப் பேசாதவர்களைத்தான் நான் ஸ்டோரில் அதிகமாகக் கவனிப்பேன்.

ஆகவே, வீட்டில் மீன் வாங்குவது நின்றபோது கவனித்தேன். பிறகு கோழியும் நின்றது. “உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொன்னாரே” என்றாள் சரோஜ். டாக்டர் சொன்னது எனக்கு. அவள் எதற்கு நிறுத்தினாள்? சுத்த பத்தமாக இருக்கிறாள் என்றால் வேண்டுதல். வேண்டுதல் என்றால் விசா. அவளும் பிரியாவும் இங்கே பிறந்தவர்கள். அண்ணன் கூப்பிட்டால் போகலாம். நான் இருபது வருஷமாகியும் பர்மிட்டில் இருக்கிறவன், அதோடு வரமாட்டேன் என்று ஊரறியச் சொன்னவன். என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார்கள்.

அந்தச் சமயம் பார்த்து என் பர்மிட்டைப் புதுப்பிக்கும் வேளையும் வந்தது. ஆபீஸில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோரும் வெளியே போக வரிசையில் நிற்கிறார்கள், நீர் இருக்க வேண்டுமென்று வந்திருக்கிறீரே, என்ன காரணம் என்று கேட்டார். குடும்பம் இங்கே இருக்கிறது என்றேன்.

“அவர்கள் இருக்கப்போகிறார்களா?” என்றார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

5

அதற்கப்புறம்தான் கண்ணாடியில் டாக்சி தெரிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் கோபால் நாயுடுவின் டாக்சி. முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கும். எத்தனை தூரத்திலும் அடையாளம் தெரியும். நான் வேலைக்குப் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அதுவும் புறப்படும். சைக்கிளை முந்தாமல் டாக்சி போவதை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நான் சாலைத் தடையைத் தாண்டி நாடிப் பக்கம் திரும்புவேன். அது விமான நிலையத்துக்குள் திரும்பிவிடும். பின் சீட்டில் ஒரு பெண். ஒருநாள் வெயில் சரியான கோணத்தில் அடித்தது. சரோஜ்.

விமான நிலையத்தில் என்ன இருக்கிறது? ஏர்லைன்ஸ் ஆபீஸ்கள் இருக்கின்றன.

“இன்னைக்கு எங்கயாச்சும் போயிருந்தியா?” என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

“எங்க போவப்போறேன்? வீட்லதான் இருந்தேன்” என்றாள், பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் பொய். எனக்குத் தெரிந்த முதல் பொய் என்று திருத்திக்கொண்டேன்.

மறுநாள் அவளைப் பின்தொடர்வது என்று தீர்மானித்தேன். தடையைத் தாண்டினேன், டாக்சி உள்ளே திரும்பும்வரை பொறுத்தேன், வண்டியைத் திருப்பினேன். யாருக்கும் தெரியாமல் ஒரு ஆளைத் தொடர்வதற்கு உலகத்திலேயே லாயக்கில்லாத வண்டி அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். கடலை விற்கிறவர் எழுந்து நின்று கையசைத்தார். திரும்பி வந்திருந்த செமி, “மாஸ்டர், வேலை இந்தப் பக்கம் இல்லையே!” என்று விமானம் இறங்குகிற சத்தத்தையும் மீறிக் கத்தினான். நான் மல்லாந்தபடி, கொடி பறக்க, ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தபோது டாக்சி காலியாக நின்றது. நாயுடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சரோஜ் எங்கே?” என்றேன்.

நாயுடு ஆகாயத்தைப் பார்த்தார். “எந்த சரோஜ்?” என்றார் ஹிந்தியில். நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பதினாறு வருஷமாக இருக்கிறோம். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பாதிச் சமையல் சரோஜுடையது.

ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் மறைக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். அந்த வாரமே சரோஜ் என்னிடம் சொன்னாள்:

“நான் இந்த வருஷம் தீ மிதிக்கப்போறேன். பத்து நாள் கோயில்ல இருப்பேன். பிரியா சமைப்பா, கொறை சொல்லாம துன்னு.”

வழக்கப்படி நான் எதுவும் கேட்கவில்லை.

6

அந்தப் பத்து நாளும் பிரியா சமைத்த பருப்பையே சாப்பிட்டுக்கொண்டு, அவள் அறையில் பெட்டி கட்டியிருக்கிறதா என்று போகிறபோதும் வருகிறபோதும் எட்டிப் பார்த்தேன். அம்மா எதற்காக வேண்டிக்கொண்டாள் என்று அவளைக் கேட்டேன். அம்மாவையே கேளுங்கள் என்றாள்.

தீமிதி அன்று நல்ல வெயில். கூட்டத்தில் மஞ்சள் காப்புகளைப் பார்த்துப் பார்த்து, இவர் சிட்னி, அந்த அம்மாள் வான்கூவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மேளம் உச்சத்துக்குப் போனது. சரோஜ் மஞ்சள் புடவையில், தலையில் கரகத்தோடு வந்தாள். முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. குழியில் இறங்கி, அவசரமே இல்லாமல் நடந்து, இந்தப் பக்கம் பாலில் காலை வைத்தாள். என்னை விட்டுப் போவதற்காக நடக்கிறவளைப் பார்த்து, கால் சுட்டுவிடக் கூடாதே தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

காப்பை அவிழ்த்த பிறகு ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் கேட்கலாம்.

“விசா எப்ப வந்துச்சு?” என்றேன்.

“யாருக்கு?”

“ஒனக்கும் பிரியாவுக்கும்.”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “உன்ன அந்த மரத்தடியில துப்பாக்கிக்கு நடுவுல ஒக்கார வெச்சிருந்தாங்களே, நாயுடு பாத்துட்டு வந்து சொன்னான். உன்ன முழுசா வூட்டுக்கு அனுப்பிட்டா தீ மிதிக்கிறேன்னு ஆத்தாகிட்ட சொன்னேன். நீ வந்தே. மிதிச்சேன். இதுல விசா எங்கேருந்து வந்திச்சி?”

“அப்ப அந்த டாக்சி?”

“நாயுடு ஏர்போர்ட் ஸ்டாண்டுக்குப் போறப்ப ஏறிக்குவேன், நீ அந்த எடத்தத் தாண்டிப் போறியான்னு பாக்கத்தான். தாண்டிட்டா எறங்கி பஸ் புடிச்சி வூட்டுக்கு வந்துடுவேன். சொன்னா நீ சிரிப்பே. நாயுடுகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. கோயில் வாசலில் அழுகிறவனை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அப்பாடா, போகவில்லை, யாரும் எங்கும் போகவில்லை. அந்த நிம்மதியில், நான் பாட்டுக்கு, “அப்ப நீ போகப்போறதில்லையே?” என்றேன்.

சரோஜ் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள்.

“ஊரு பூரா பாக்க என் பின்னாடி சைக்கிள்ல வந்தியாமே, நாயுடு சொல்லிச் சிரிச்சான். எனக்குப் போவணுமா வேணாமான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?”

“வேண்டுதல் இருக்கும்போது கேட்கக் கூடாதேன்னு…”

“வேண்டுதலைத்தான் கேக்கக்கூடாது. என்னைக் கேக்கலாமே.”

மேளம் நின்றிருந்தது. பந்தியில் உட்காரச் சொல்லி யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“போகணுமா ஒனக்கு?” என்றேன்.

“ஆமா.”

அவளே தொடர்ந்து சொன்னாள்: “இங்கதான் பொறந்தேன். இத வுட்டுப் போவ எனக்கு மட்டும் ஆசையா? ஆனா டர் ஆவுது. பயம். நீ ரோட்ல போறப்ப பின்னாடியே டாக்சியில வர்றேன் பாரு, அதுமாதிரி எத்தினி வருசம் வர்றது? நாளைக்குப் பிரியா வேலைக்குப் போவா. அவ பின்னாடி யாரு போறது? நீயோ ஒரு கடல் போதும் ஒரு கடல் போதும்னு பெரிசா பேசிக்கினே கீறே. நான் இன்னா சொல்றது?”

வெளியூரிலிருந்து வந்தவன் நான். இதுவே சொந்த ஊர் என்று இருப்பவள் அவள். போகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

“சரி, போகலாம்” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மெய்யாலுமா?”

“மெய்யாத்தான்.”

“அழுத கண்ணோட சொல்றே. வூட்டுக்குப் போய்ச் சோறு துன்னதும் மாத்திப் பேசுவே.”

“பேச மாட்டேன்.”

அவள் நம்பவில்லை. சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று, பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பிரியாவைக் கூப்பிட்டாள். அவளுக்குப் புரியவேண்டும் என்று இங்கிலீஷிலும், சரோஜ் சொன்னதால் என் ஓட்டை ஹிந்தியிலுமாக, நாம் மூன்று பேரும் போகிறோம் என்றேன்.

பிரியா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். போகிறோம் என்கிற சந்தோஷத்தில் அழுகிறாளா, போகவேண்டியிருக்கிறதே என்று அழுகிறாளா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இங்கே யார் யார் இருக்கிறார்கள், யாரை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும், ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தோன்றுகிற காரணங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். பிறகு நிறுத்திவிட்டு, அவள் தலையில் கை வைத்து, அவளையே கேட்டேன்.